பெரியப்பாவின் பத்தாயிரம்

பெரியம்மா: நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு உங்கள் பெரியப்பா ஹாலில் முன்னும் பின்னும் நடக்கிறார். தூக்கத்தில் நடக்கிறாரோ என்று பயந்தே போனேன். கேட்டால் "இன்னும் 1,400 பாக்கி" என்கிறார். காலையில் முழங்கால் வீங்கியிருக்கிறது.

பெரியப்பா: தினம் 10,000 காலடி நடக்க வேண்டும் என்று ஊரே சொல்கிறதே.

அக்கா: அது டாக்டர் குறித்த எண் இல்லை பெரியப்பா. 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி நடைமானி விற்றது. பெயர் 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். பொருளின் பெயர் அப்படியே இலக்காக ஒட்டிக்கொண்டது.

அத்தை: அப்போ இத்தனை நாள் 6,000-த்தைப் பார்த்துப் பார்த்து நான் நொந்தது எல்லாம்? 😡

அக்கா: வீண்தான் அத்தை 😄 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது, சராசரி வயது 72. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் பெரிதாக வித்தியாசம் இல்லை. உடம்பு முடியாதவர்கள் குறைவாகத்தான் நடப்பார்கள், அதனால் எல்லாப் புகழும் நடைக்கே என்றும் சொல்ல முடியாது.

பெரியப்பா: சரி, எனக்கு எவ்வளவு?

அக்கா: இந்த வீம்புக்கு முந்தைய வாரத்துச் சராசரியை போனில் அடி எண்ணும் ஆப்பில் பாருங்கள்.

பெரியப்பா: 3,150.

அக்கா: அதிலிருந்து ஒரே நாளில் 10,000! முழங்கால் வேறு என்ன செய்யும்? வீக்கம் வற்றட்டும், வற்றாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் இரண்டு வாரம் 3,700. பழகினால் இன்னொரு 500.

நான்: 500 அடி என்றால் ஐந்து நிமிடம்தான் பெரியப்பா. நிமிடத்துக்கு 100 அடி வைத்தால் மிதமான வேகம். பேச வரும், பாட வராது.

பெரியம்மா: அவர் பாடாமல் இருப்பதே போதும்.

அத்தை: என் போன் சமையல் மேடையில் கிடக்கிறது, நான் வீடு முழுக்க ஓடுகிறேன். நேற்று 1,900-தானாம்!

அக்கா: போனைப் பாக்கெட்டில் போடுங்கள் அத்தை. தினமும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம்.

(மாலை 6:40)

பெரியப்பா: இன்றைக்கே 3,812 👍

பெரியம்மா: காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்த மனிதருக்கு ஏது 3,812? அவர் போனை என் பையில் போட்டுக்கொண்டு கடைக்கும் வங்கிக்கும் அலைந்தது நான்.