ஆச்சி வீட்டுப் பிள்ளைகள் (வாட்ஸ்அப் குரூப்)

தாசன் சித்தப்பா: கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டுக்கு வீட்டுப் பேரு கேக்காங்க. பெரியண்ணன் வீட்ட எழுதவா, விடவா? அம்மா போயி மூணு மாசங்கூட ஆகல.

எஸ்தர் அத்தை: விடு. ட்ரம் அடிச்சுட்டு வருவாங்க. அண்ணனுக்குத் தாங்காது.

பென்னி: ட்ரம் வேண்டாம்னு முன்னாலயே சொன்னா ஒரு பாட்டு மெதுவா பாடி ஜெபிச்சிட்டுப் போவாங்க அத்தை.

எஸ்தர் அத்தை: சொன்னா கேக்கணுமே. தாத்தா வேஷம் போட்ட பையன் ஆடத்தான் செய்வான்.

ஜெபா: ஸ்டார்? பிள்ளைங்க கேக்குது

தாசன் சித்தப்பா: வெள்ளை ஸ்டார் ஒண்ணு போதும். சீரியல் செட் வேண்டாம். உள்ள குண்டு பல்பு போடாத, 40 வாட் சூட்டுல பேப்பர் கருகிரும். 5 வாட் எல்.இ.டி. போடு. மழ இன்னும் விடல. வயர் ஒட்டு திண்ணைக்குள்ளயே நிக்கணும். வெளியே தொங்கினா தண்ணி எறங்கி ஷார்ட் ஆகும்.

ஜெபா: சரி

ஆல்பர்ட் மாமா: டிசம்பர் 25 வேதத்துலயே இல்ல. இந்த வருசமாவது சும்மா இருக்கலாம்.

பென்னி: தேதி வேதத்துல இல்லதான் மாமா. ரோமில 354-ல தொகுத்த நாட்காட்டியில இருக்கு. குடிலும் 1223-ல அசிசி பிரான்சிஸ் இத்தாலியில கிரேச்சோங்கற ஊர்ல வச்ச பிறகுதான் ஊர் ஊராப் பரவிச்சு. இதெல்லாம் தெரிஞ்சும் 25 விடியக்காலம் கோயில் மணி அடிச்சா படுத்துக் கெடக்க முடியல.

எஸ்தர் அத்தை: அடக்கத்தன்னைக்கு நீங்க கோயிலுக்குள்ள வரல. எனக்கு அது இன்னும் ஆறல.

தாசன் சித்தப்பா: எஸ்தர், அது இங்க வேண்டாம்.

ஆல்பர்ட் மாமா: போன அத்தைய நானுந்தான் தேடுதேன்.

ரூபி பெரியம்மா: துக்க வீட்டுல எண்ணெச்சட்டி வைக்கக் கூடாது, நாமதான் செஞ்சு கொண்டு குடுக்கணும். எங்க வீட்டுல சுடுவோம். முந்திரிக்கொத்து மட்டும். கவனமா வாசிங்க. சிறுபயறு 1 கிலோவுக்குக் கருப்பட்டி முக்கால் கிலோ, தேங்கா 2, எள்ளு 100 கிராம், ஏலக்கா 10, சுக்கு ஒரு துண்டு. பயற சிறு தீயில வாசம் வர வறுத்து, ஒண்ணு ரெண்டா உடைச்சு, தோலப் புடைச்சுட்டு ரவைப் பக்குவத்துக்குத் திரிக்கணும். தேங்காத் துருவல் சிவக்கணும். ஈரம் நின்னா நாலு நாள்ல காறிரும். பாகு விரல்ல பிசுக்குன்னு ஒட்டினாப் போதும், கம்பிப் பதம் போச்சுன்னா உருண்டை கல்லாயிரும். நெல்லிக்கா அளவு உருட்டி ஒரு ராத்திரி விரிச்சுப் போடுங்க. மேல்மாவு பச்சரிசி மாவு, உப்பு, மஞ்சப்பொடி. தடிப்பாக் கரைக்கணும். நீத்துப் போனா சட்டியில வெடிச்சு, பாகு எறங்கி எண்ணெயே கறுத்துரும். மூணு மூணா ஒட்டினாப்புல போடுங்க.

ஜெபா: 👍

செல்வி சித்தி: மேல்மாவுல கொஞ்சம் மைதா சேத்தா நல்லாப் பிடிக்கும்க்கா

ரூபி பெரியம்மா: மறுநாளே நமத்துரும். அத்தை இருந்த வரைக்கும் மைதாவத் தொடவிட்டதே இல்ல.

செல்வி சித்தி: எனக்கும் அவங்கதான் சொல்லித் தந்தாங்க.

பென்னி: கேக்?

எஸ்தர் அத்தை: இந்த வருசம் கேக் வெட்டாண்டாம். கோயில், கல்லறை, வீடு. அவ்வளவுதான்.

ஜெபா: பிள்ளைங்களுக்குப் புதுத்துணி எடுத்தாச்சே அத்தை

எஸ்தர் அத்தை: பிள்ளைங்க போடட்டும். நான் போடமாட்டேன்.

ஆல்பர்ட் மாமா: கல்லறைக்கு நான் வாறேன். எத்தன மணிக்கு?

எஸ்தர் அத்தை: ஆராதனை முடிஞ்சு.

பென்னி: கேரல் என்னாச்சு? பெரியப்பா பாத்தாரா?

ஜெபா: ப்ளூ டிக் விழல

தாசன் சித்தப்பா: நாளைக்கு வரைக்கும் பேர எழுதாம வச்சிருக்கேன். நேர்ல போயிக் கேக்கேன்.

ரூபி பெரியம்மா: ஆறு வீட்டுக்குப் பயறு ரெண்டரைக் கிலோ வேணும். ஜெபா, கருப்பட்டி உடன்குடிச் சரக்கா வாங்கு. ஒண்ண உடைச்சுப் பாரு, உள்ள சீனி மாதிரி மினுங்கிச்சுன்னா வேண்டாம்.