லேசான லாகரிலிருந்து கிராஃப்ட் பீருக்கு: எந்தப் படியில் கால் வைப்பது?

ஒழுகினசேரி_கடைக்காரர் கேட்டது:

நாகர்கோவிலில் சிறிய கடை ஒன்று வைத்திருக்கிறேன். வயது 38. மாதத்தில் இரண்டு முறை நண்பர்களோடு உட்காரும்போது நான் குடிப்பது லேசான லாகர் பீர் மட்டுமே. ஸ்ட்ராங் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடையைத் திறக்க வேண்டிய பிழைப்பு. உண்மையைச் சொன்னால், டாஸ்மாக் கடையில் “கூலிங் இருக்கா?” என்பதைத் தவிர வேறெதையும் கேட்டு நான் இதுவரை பீர் வாங்கியதில்லை.

சென்ற மாதம் பெங்களூரில் மனைவியின் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, தங்கள் இடத்திலேயே பீர் தயாரித்துக் கொடுக்கும் மைக்ரோப்ரூவரி ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றான். கிராஃப்ட் பீர் என்றால் இதுதான் என்று சொல்லி, பெரிய குவளையில் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்ற வகையை வரவழைத்தான். மூக்கருகே கொண்டுபோனபோது ஆரஞ்சுத் தோலும் மாம்பழமும் கலந்தாற்போல் நல்ல மணம். வாயில் வைத்ததும் வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் ஒரு கசப்பு, விழுங்கிய பிறகும் நாக்கின் அடியில் நின்றுவிட்டது. பாதிக் குவளையைத் தாண்ட முடியவில்லை. “அத்தான், உங்கள் நாக்கு இன்னும் பழகவில்லை” என்று சிரித்தான்.

பழகாத நாக்கா, அல்லது தொடங்கிய இடம் தவறா என்பதுதான் என் கேள்வி. அந்த மணம் இன்னும் நினைவில் நிற்பதால் இதை அப்படியே விட்டுவிட மனமில்லை. எந்த வரிசையில் குடித்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்? நம் மாவட்டத்தில் இருந்துகொண்டே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

தேன்கூடு_மார்த்தாண்டம்:

உங்கள் நாக்கின்மேல் குற்றமில்லை, அண்ணாச்சி. குற்றம் உங்கள் மைத்துனரின் வரிசையில் இருக்கிறது. பீரின் கசப்பை ஐ.பி.யூ. என்ற அலகில் அளப்பார்கள். நீங்கள் இத்தனை ஆண்டுகள் குடித்துவந்த லேசான லாகர் வகையில் அது பெரும்பாலும் 8 முதல் 12 வரை இருக்கும். அமெரிக்க பாணி ஐ.பி.ஏ.யில் 40 முதல் 70 வரை போகும். சுக்குக் காப்பி மட்டுமே குடித்துப் பழகியவருக்கு முதல் நாளே நிலவேம்புக் கஷாயத்தைச் செம்பு நிறைய நீட்டினால் அவர் என்ன செய்வார்?

நான் மார்த்தாண்டத்துக்காரன், ஒன்பது ஆண்டுகளாக பெங்களூரில் வேலை. ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துச் சென்ற அனுபவத்தில் சொல்கிறேன்: கோதுமைப் பீரில் தொடங்குங்கள். ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்த ஹெஃபெவைட்சன் என்ற வகை, தானியத்தில் பாதிக்குக் குறையாமல் கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய கோதுமை) சேர்த்துச் செய்வது, வடிகட்டாமல் கலங்கலாகவே வரும். கசப்பு உங்கள் லாகர் அளவுதான், 8 முதல் 15 வரை. சாராயச் சத்தும் 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆனால் மணம் முற்றிலும் வேறு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பா ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பிடித்து வந்திருந்தார். மாறாமலையில் கிராம்புத் தோட்டத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவர். இந்திராநகர் நூறடிச் சாலையில் 2010 முதல் இயங்கிவரும் டாய்ட் என்ற மைக்ரோப்ரூவரியில் உட்கார்ந்து அவருக்குக் கோதுமைப் பீர் வாங்கிக் கொடுத்தேன். குடிப்பதற்கு முன் இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டு, “இதுக்குள்ள கிராம்பு போட்டிருக்கானுவளா?” என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, “மட்டிப் பழமும் உண்டு” என்றார். இரண்டுமே அதில் போடப்படவில்லை. அந்த வகைக்கென்று உள்ள ஈஸ்ட், நொதிக்கும்போது தானே உண்டாக்கும் மணங்கள் அவை. வாழைப்பழ மணத்துக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட், வாழைப்பழத்திலேயே இருக்கும் அதே பொருள். கன்னியாகுமரிக் கிராம்புக்கும் மட்டி வாழைக்கும் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்துக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் படி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்தது பெல்ஜியத்தின் கோதுமைப் பீரான விட்பியர். இதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே சேர்ப்பார்கள். ஹூகார்டன் என்ற ஊரில் வழக்கொழிந்து போயிருந்த இந்த வகையை 1960களில் பியர் செலிஸ் என்ற பால்காரர் மீண்டும் காய்ச்சத் தொடங்கியதால்தான் இன்று உலகமெங்கும் கிடைக்கிறது. அதிலிருந்து, ஐ.பி.ஏ.யைவிடக் கசப்பு குறைந்த பேல் ஏல், பிறகு ஐ.பி.ஏ. இந்த இரண்டுக்கும் இடையில் அவசரம் காட்ட வேண்டாம். பேல் ஏல் பிடித்துப்போய் அங்கேயே நின்றுவிட்டவர்களும் உண்டு, அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

இன்னொன்று: பெரிய குவளை கேட்காதீர்கள். பெரும்பாலான மைக்ரோப்ரூவரிகளில் அன்றைக்கு இருக்கும் வகைகளைச் சிறுசிறு குவளைகளில் ஒரு பலகையில் அடுக்கித் தருவார்கள். சாம்ப்ளர் என்று கேட்டால் போதும். லேசானதிலிருந்து கசப்பை நோக்கி நகருங்கள்; கசப்பை முதலில் குடித்துவிட்டால் பின்னால் வருவது எல்லாம் தண்ணீர்போல் இருக்கும்.

நம் மாவட்டத்தில் மைக்ரோப்ரூவரி கிடையாது. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம் இருப்பதால், அவர்கள் கொள்முதல் செய்யும் வகைகளே நமக்குத் தெரிவு. டாஸ்மாக்கின் விலை கூடிய சரக்கு விற்கும் எலைட் கடைகளுக்கு வெளிநாட்டுச் சரக்கு சில நேரம் வரும். லேபிளில் வீட், விட், வைஸ் போன்ற சொற்கள் உள்ளனவா என்று பாருங்கள். பெங்களூரிலிருந்து பாட்டிலைப் பையில் வைத்துக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

வேளிமலை_அடிவாரம்:

மேலே எழுதியவர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். வேதியியல் கற்பிப்பவன் என்பதால் கை சும்மா இருக்கவில்லை. கிராம்பின் மணத்துக்குக் காரணம் யூஜினால். பீரில் உருவாவது 4-வைனைல் குவாயகால். இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. சித்தப்பாவின் மூக்கு ஏமாந்ததில் தவறில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. பெங்களூர் போகும்வரை காத்திருக்காமல், நீங்கள் வழக்கமாக வாங்கும் அதே லாகரை வைத்தே பாதிப் பயிற்சியை முடித்துவிடலாம். “கூலிங் இருக்கா?” என்ற கேள்விதான் உங்களுக்கும் சுவைக்கும் நடுவில் நிற்கும் சுவர். உறையும் நிலைக்குச் சற்று மேலே இருக்கும் பானத்தில் மணப்பொருள்கள் ஆவியாவது குறைவு, நாக்கும் மரத்துப்போகும். லேசான லாகரை 3 முதல் 5 டிகிரியில் பரிமாறுவது சரிதான். ஆனால் கோதுமைப் பீரையோ பேல் ஏலையோ அதே குளிரில் குடித்தால் காசைக் கொடுத்துவிட்டு மணத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம். அவற்றுக்கு 6 முதல் 10 டிகிரி வரை வேண்டும், ஸ்டவுட் என்ற கறுப்புப் பீருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

ஒரு பாட்டில் வாங்கி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றை உடனே குடியுங்கள். மற்றதை ஒரு தட்டால் மூடி இருபது நிமிடம் மேசையில் வைத்துவிட்டுக் குடியுங்கள். இரண்டாவது உங்களுக்குப் பிடிக்காமல்கூடப் போகலாம், ஆனால் என்ன குடிக்கிறீர்கள் என்பது அதில்தான் தெரியும். டம்ளரில் பாத்திரம் துலக்கும் சோப்போ மீன் பொரித்த எண்ணெயோ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. நுரை போனால் மணத்தில் ஒரு பங்கு போயிற்று. பாட்டிலிலிருந்து நேராகக் குடிப்பவர்களுக்கு மூக்கே பந்தியில் உட்காருவதில்லை.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு முன் வெளியூர் விடுதி ஒன்றில் விலை கூடிய பச்சைப் பாட்டில் பீர் ஒன்றை ஆசையோடு வாங்கினேன். திறந்ததும் ஈரக் கோழிக்கூட்டை நினைவூட்டும் ஒரு நெடி. பாட்டில் சன்னலோரக் கண்ணாடி அலமாரியில் எத்தனை நாள் காட்சிக்கு நின்றதோ தெரியாது. ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்து, கந்தகம் சேர்ந்த வேறொரு பொருளாக மாற்றிவிடும். பழுப்பு நிறப் பாட்டில் பெருமளவு தடுக்கும், கேன் முழுவதும் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுப்பதில்லை. வெப்பத்தில் கிடந்த பீருக்கு நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வரும். ஆகவே தயாரித்த தேதியைப் பாருங்கள். பழைய ஐ.பி.ஏ.யில் மணம் முதலில் ஓடிவிடும், கசப்பு மட்டும் மிச்சம் நிற்கும்.

குளச்சல்_கப்பல்காரர்:

கிராஃப்ட் பீர் என்றால் மேல்படி, லாகர் என்றால் கீழ்படி என்ற தொனி இந்த உரையாடலில் வந்துவிட்டதால் இதை எழுத வேண்டியதாயிற்று. லாகர் என்பது தரத்தின் பெயரல்ல. குளிர்ந்த நிலையில் மெல்ல நொதித்து, வாரக்கணக்கில் குளிரிலேயே வைத்துத் தெளியவிடும் முறையின் பெயர். உங்களைச் சலிப்படையச் செய்திருப்பது அந்த முறையல்ல. பீரின் அடர்த்தியைக் குறைக்க அரிசியும் மக்காச்சோளமும் சேர்த்து, ஹாப்ஸைக் கிள்ளிப் போட்டுச் செய்யும் ஒரு வகைதான்.

சரக்குக் கப்பலில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தேன். ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கிய ஒரு மாலையில் செக் நாட்டுப் பில்ஸ்னர் குடித்தேன். நிறம் நம் ஊர் லாகரின் நிறம்தான், ஆனால் ரொட்டியின் மேல்தோல்போல் ஒரு மணமும், அதன் பின்னால் வந்து உடனே விலகிக்கொள்ளும் சுத்தமான கசப்பும் இருந்தன. 1842இல் பில்சன் நகரில் யோசப் குரோல் என்ற பவேரியர் முதலில் காய்ச்சிய வகை அது. கசப்பு அளவு 30க்கு மேல், இருந்தும் வாயைத் திருகவில்லை. ஆகவே கோதுமை வழியில் போவதற்கு மனமில்லாதவர்கள் லாகருக்குள்ளேயே ஒரு படி ஏறலாம். எனக்கு அந்த வழிதான் பிடித்தது.

கறுப்புப் பீரைக் கண்டு நம் ஆட்கள் அஞ்சுவதும் வீண். நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, போதையிலிருந்து அல்ல. குழாயில் ஊற்றித் தரும் கின்னஸ் என்ற அயர்லாந்து ஸ்டவுட்டில் சாராயச் சத்து 4.2 விழுக்காடுதான், டாஸ்மாக்கில் ஸ்ட்ராங் என்று விற்பதில் 8 வரை இருக்கும். பாலில்லாத கடுங்காப்பி பிடிக்கும் என்றால் ஸ்டவுட் உங்களுக்கு ஐ.பி.ஏ.யைவிட எளிதாக இறங்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் லயன் ஸ்டவுட் இருக்கிறது. பீரைப் பற்றி எழுதிப் பேர் வாங்கிய மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் அல்ல, ஆங்கிலேய எழுத்தாளர்) அதைப் புகழ்ந்தவர். ஆனால் அது 8 விழுக்காட்டைத் தாண்டும், காலையில் கடை திறப்பவர் அரைப் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் எதிரில் இருக்கும்போது ஐ.பி.ஏ. வேண்டாம், கசப்பும் எரிவும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு நாக்கைக் கரிக்கும். அந்த இடத்தில் கோதுமைப் பீரோ, நீங்கள் குடிக்கும் லேசான லாகரோதான் சரி. மொறுமொறுவெனப் பொரித்த நெத்திலிக்கு பில்ஸ்னர். ஸ்டவுட்டோடு கருப்பட்டி சேர்த்த எதையாவது தின்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

களியக்காவிளை_எல்லை:

ஒரு சிறு குறிப்பு. நம்மூரில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்றாலும், எல்லையைத் தாண்டினால் கேரளக் கள்ளுக்கடையில் உட்கார்ந்து குடிப்பது சட்டப்படி நடக்கிற காரியம். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்து வருவது காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து சேர்வதால். பிரசெல்ஸ் பக்கத்து லாம்பிக் பீரும் அப்படித்தான், தனியாக ஈஸ்ட் சேர்க்காமல் திறந்த தொட்டியில் ஆறவைத்து நொதிக்கவிடுகிறார்கள். கள்ளின் புளிப்பு பிடித்தவர்களுக்கு ஐ.பி.ஏ.யைவிடப் புளிப்புப் பீர் வகைகள் விரைவில் பழகிவிடும் என்பது என் அனுபவம்.

ஒழுகினசேரி_கடைக்காரர்:

அனைவருக்கும் நன்றி. கள் எனக்குப் பிடிக்காது, ஆகவே புளிப்பு வழி இப்போதைக்கு வேண்டாம். கடுங்காப்பி பிடிக்கும். ஆவணியில் ஒரு திருமணத்துக்காக மறுபடியும் பெங்களூர் போக வேண்டியிருப்பதால், முதலில் கோதுமைப் பீர், பிறகு சிறு குவளையில் ஸ்டவுட் என்று மைத்துனனிடம் இன்றே சொல்லிவிட்டேன். ஐ.பி.ஏ.யைப் பலகையின் கடைசியில் வைக்கச் சொன்னேன்.

வேளிமலை ஐயா சொன்ன இரண்டு டம்ளர் சோதனையை நேற்றிரவு செய்து பார்த்தேன். குளிர்ந்த டம்ளரில் வழக்கம்போல் ஒன்றும் தெரியவில்லை. இருபது நிமிடம் வைத்த டம்ளரில், வேகவைத்த மக்காச்சோளத்தை உரிக்கும்போது வருமே, அப்படியொரு மணம் வந்தது. மனைவியிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். அவளும் சோளம் என்றாள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடித்த பீரில் இது எங்கே இருந்தது? பீர் கெட்டுப்போயிருந்ததா?

வேளிமலை_அடிவாரம்:

கெட்டுப்போகவில்லை. அது டைமெத்தில் சல்ஃபைடு. வெளிறிய மால்ட்டிலிருந்து வருவது, காய்ச்சும்போது பெரும்பகுதி ஆவியாகிவிடும், லாகரில் சிறிது மிஞ்சுவது இயல்பு. உங்கள் மனைவியின் மூக்கும் நன்றாக வேலை செய்கிறது. ஆவணியில் அவரிடமும் ஒவ்வொரு குவளையையும் நீட்டி என்ன மணம் என்று கேட்டு எழுதுங்கள்.