நிரம்பி வழியும் இன்பாக்ஸ்: ஃபோல்டர்களா, தேடலா?

கேள்வி:
அலுவல் கடிதங்கள், செய்திமடல்கள், வங்கி அறிவிப்புகள் என அனைத்தும் ஒரே முகவரிக்கு வருவதால், படிக்காத மின்னஞ்சல்களின் எண்ணிக்கை ஐந்து இலக்கத்தை எட்டிவிட்டது. பொருள்வாரியாக ஃபோல்டர்கள் அமைத்துப் பார்த்தேன். எதை எதில் போடுவது என்று யோசிப்பதே தனி வேலையாகிவிட்டது. நாள்தோறும் மாலையில் முழுவதையும் காலி செய்யும் ‘இன்பாக்ஸ் ஸீரோ’ முறையும் வேலை மிகுந்த வாரங்களில் நிலைக்கவில்லை. பதில் எழுத வேண்டிய கடிதம் விளம்பரங்களுக்கிடையே புதைந்துபோவதுதான் உண்மையான சிக்கல். நீடித்துப் பயன்தரும் வழி எது?

மறுமொழி 1:
ஏற்கெனவே தேங்கியிருப்பதையும் இனி வரப்போவதையும் இரு வேறு வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதங்களுக்கு முந்தைய அஞ்சல்களைத் தேடியெடுத்து மொத்தமாக ஆர்க்கைவ் செய்துவிடலாம். அவை அழிவதில்லை, இன்பாக்ஸிலிருந்து மட்டுமே விலகுகின்றன. ஜிமெயிலில் மேலுள்ள கட்டத்தைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்தில் இருப்பவை மட்டுமே தேர்வாகும் என்பதால், தேடல் முடிவு முழுவதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வரியையும் அடுத்துச் சொடுக்க வேண்டும். (இதைக் கவனிக்காமல் பக்கம் பக்கமாகப் போராடுபவர்கள் ஏராளம்.) ஆனால் ஆர்க்கைவ் செய்வதால் இடம் மிச்சமாகாது. கூகுள் டிரைவ், ஃபோட்டோஸ் ஆகியவற்றுடன் பகிரப்படும் இலவச 15 ஜிபி சேமிப்பிடம் நிரம்பியிருந்தால், பெரிய இணைப்புகள் உள்ள அஞ்சல்களைத் தேடி நீக்குவதே வழி.

மறுமொழி 2:
வரும் அஞ்சல்களைக் குறைக்காமல் எந்த முறையும் நிற்காது. மொத்தமாக விளம்பர அஞ்சல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்றும், விலகல் கோரிக்கையை இரண்டு நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றும் கூகுளும் யாஹூவும் 2024இல் விதித்துள்ளன. எனவே அன்சப்ஸ்கிரைப் பொத்தானைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். முன்பின் அறியாதவர் அனுப்பிய குப்பை அஞ்சலுக்கு மட்டும் இது பொருந்தாது. அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கினால் உங்கள் முகவரி உயிருடன் இருப்பது அவர்களுக்கு உறுதியாகிவிடும். ஸ்பேம் என்று குறிப்பதே போதும்.

மறுமொழி 3:
ஃபோல்டர்களைக் கைவிட்டதற்காக வருந்த வேண்டாம். ஐபிஎம் ஆய்வாளர்கள் 345 பயனர்களைக் கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், விரிவாக ஃபோல்டர்கள் அமைத்தவர்கள் பழைய அஞ்சல்களைக் கண்டெடுப்பதில் மற்றவர்களைவிட அதிக வெற்றி பெறவில்லை என்றே தெரியவந்தது. ஆயினும் முதல் மறுமொழியுடன் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு: எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஆர்க்கைவ் செய்யும் முன், நீங்கள் அடிக்கடி பதில் எழுதும் சிலருடைய பெயர்களைத் தேடி, நிலுவையில் உள்ளவற்றுக்கு நட்சத்திரமிட்டுவிடுங்கள். அதே பெயர்களுக்கு ஒரு ஃபில்டரும் அமைத்தால், இனி அவர்களிடமிருந்து வருபவை தானாகவே நட்சத்திரம் பெறும்.

கேட்டவர்:
நன்றி. நட்சத்திரமிடுவதிலிருந்தே தொடங்குகிறேன். விளம்பரங்களுக்கும் ஒரு ஃபில்டர் அமைக்க நினைக்கிறேன். ரசீதுகளிலும் வங்கி அறிவிப்புகளிலும்கூட அன்சப்ஸ்கிரைப் என்ற சொல் இருப்பதால், அச்சொல்லை வைத்து விளம்பரங்களை ஒதுக்கும் ஃபில்டர் அவற்றையும் சேர்த்து மறைத்துவிடாதா?

மறுமொழி 2:
மறைத்துவிடும். வங்கி முகவரிகளை அந்த ஃபில்டரில் விலக்காகச் சேர்த்துவிட்டு, முதல் சில வாரங்கள் ஒதுக்கப்பட்டவற்றை ஒருமுறை பார்வையிடுங்கள்.