மறு: இண்டிபென்டன்ட் லெட்டருக்குத் தமிழ் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கிரீன் கார்டு கேட்டு இ.பி.-1ஏ (அரிய திறமை), நேஷனல் இன்ட்ரஸ்ட் வேவர் (நாட்டு நலனுக்கான விலக்கு) மனுக்களைத் தாங்களே தயாரிக்கும் ஆய்வாளர்களுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். இண்டிபென்டன்ட் ரெக்கமண்டேஷன் லெட்டரில் மாட்டிக்கொண்டேன். 'சுதந்திரப் பரிந்துரைக் கடிதம்' என்று எழுதிப் பார்த்தால் ஆகஸ்ட் 15 வாழ்த்து அட்டை போல இருக்கிறது. வேறு சொல் உண்டா?

———

தம்பி,

'சுதந்திர' கிடக்கட்டும், எனக்கு 'பரிந்துரை'யே உறுத்துகிறது. ஒருவருக்காகப் பரிந்து உரைப்பதுதானே பரிந்துரை? நம் ஊரில் அதன் இன்னொரு பெயர் சிபாரிசு. இந்தக் கடிதத்தை எழுதுபவரோ உங்கள் வழிகாட்டியும் இல்லை, உடன் கட்டுரை எழுதியவரும் இல்லை. உங்கள் வேலையைப் படித்தோ பயன்படுத்தியோ அறிந்தவர். அவர் சொல்வது சாட்சி. 'சார்பற்ற பரிந்துரை' என்றும் எழுதுகிறார்கள். பரிந்தபின் சார்பு எங்கே போகும்?

என் மனுவுக்கு நானும் பரிந்துரை என்று நினைத்துத்தான் கடிதம் கேட்டேன். அவர்களும் பரிந்தே எழுதினார்கள். 'அரிய திறமைசாலி' என்று ஐந்து கடிதம், ஐந்தும் நான் வேலை பார்த்த ஆய்வகங்களிலிருந்து. கூடுதல் சான்று கேட்டுக் குடியேற்றத் துறையிலிருந்து ஓலை வந்தது. அப்புறம் முன்பின் தெரியாத ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன். அவர் எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரி: 'இவருடைய முறைக்கு மாறிய பிறகு, ஒரு மாதிரியைச் சோதிக்க ஆறு மணி நேரம் ஆனது இரண்டாகக் குறைந்தது.' பாராட்டு ஒரு சொல்கூட இல்லை. அவர்கள் கட்டுரையில் என்னை மேற்கோள் காட்டிய பக்கத்தையும் அதோடு சேர்த்து வைத்தேன்.

நேஷனல் இன்ட்ரஸ்ட் வேவர் பற்றி 2016இல் வந்த தனசார் மேல்முறையீட்டு முடிவிலும் இதைப் பார்க்கலாம். மனுதாரர் ஹைப்பர்சானிக் உந்துவிசை ஆய்வாளர். கல்வி, அரசு, தொழில் எனப் பல துறைகளின் மூத்த வல்லுநர்கள் அந்த ஆய்வு நாட்டுக்கு ஏன் தேவை என்று எழுதிய கடிதங்கள் அங்கே எடை பெற்றன. இ.பி.-1ஏ-யிலும் பத்து அளவுகோலில் மூன்றைத் தாண்டினால் முடிந்துவிடாது. அதற்குமேல் மொத்தச் சான்றையும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

ஆகவே 'சான்றுரை' என்பேன். புறச்சான்று என்று முதலில் தோன்றியது. நூலின் காலம் கணிப்பவர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். தொடர்பில்லாதவர் என்ற பொருளில் 'ஏதிலார் சான்றுரை' எப்படி?

———

ஐயா, ஏதிலார் நல்ல பழஞ்சொல்தான். ஆனால் ஈழத்தில் ஏதிலி என்றால் அகதி. குடியேற்றக் கையேட்டில் பார்ப்பவர் அகதி மனுவுக்கான சான்று என்றல்லவா நினைப்பார்! அயலாரும் சரிவராது, வெளிநாட்டார் என்று படித்துவிடுவார்கள். 'வெளியார் சான்றுரை' போதாதா?

உடனுழைத்தோர் கடிதத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் எந்தப் பகுதி உங்களுடையது என்று அவர்கள்தானே சொல்ல முடியும்?

———

சரி, வெளியார் சான்றுரை, உடனுழைத்தோர் சான்றுரை என்றே போட்டுவிடுகிறேன். முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன்: 'உங்களைத் தெரியாதவர், உங்கள் வேலையைத் தெரிந்தவர்.'

அடுத்தது பிரயாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் நாள். 'முன்னுரிமை நாள்' என்று எழுத மனம் வரவில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அது வரிசையில் துண்டு போட்ட நாள்தானே?