‘பிதா குமாரன் பரிசுத்த ஆவி’ என்று சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதாமே?

கேள்வி: தேரிக்காட்டுத் தாய்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் சாத்தான்குளம் பக்கம். நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. என் மாமனார் உபதேசியாராக இருந்தவர். மகனுக்கு நான்காம் மாதத்தில் கோவிலில் ஞானஸ்நானம், பத்தாவது முடித்த வருஷம் திடப்படுத்தல் (குழந்தையில் எடுத்த ஞானஸ்நானத்தைப் பிள்ளை தானே உறுதிசெய்வது), எல்லாம் முறைப்படி நடந்தது. இப்போது 26 வயது, ஓசூரில் வேலை. தங்கியிருக்கும் வீட்டு மாடியில் ஒரு சின்ன சபை கூடுகிறது. பாட்டுச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று முதலில் போனில் குறை சொன்னவன், அப்புறம் ஞாயிறு தவறாமல் மேலே ஏறிப் போக ஆரம்பித்துவிட்டான். குடிக்கிற கூட்டத்தோடு சேராமல் ஜெபத்துக்குப் போகிறானே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

போன மாதம் அசனத்துக்கு (கோவில் விருந்துக்கு) ஊருக்கு வந்தான். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும், “அம்மா, நான் இன்னும் ஞானஸ்நானமே எடுக்கவில்லை, சித்திரையில் எடுக்கப் போகிறேன்” என்றான். அவன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறான் என்றால் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என் அண்ணன் மகன் அசெம்ப்ளி ஆஃப் காட் என்கிற பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து முழுக்கு எடுத்தவன்தான், இன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் கிறிஸ்துமஸ் சாப்பாடு. ஆனால் அவன் எடுத்ததும் செல்லாது என்கிறார்களாம்! தண்ணீரில் முழுகினது சரியாம், பாஸ்டர் சொன்ன வார்த்தை தப்பாம். “பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே” என்று சொல்லக் கூடாதாம், “இயேசு கிறிஸ்துவின் நாமத்திலே” என்றுதான் சொல்ல வேண்டுமாம். அப்போஸ்தலர் 2:38-ஐ எடுத்துக் காட்டுகிறான். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே கொடுங்கள் என்று இயேசுவே சொல்கிற மத்தேயு 28:19-ஐ நான் காட்டினேன். அதற்கும் பதில் வைத்திருக்கிறான். எனக்கு அதற்கு மேல் பேசத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவன் சபையைத் திட்டி யாரும் எழுத வேண்டாம், இதை அவனும் படிப்பான்.

பதில் 1: நாமம் ஒன்றே

சகோதரி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்கள் மகன் சரியான பாதையில்தான் இருக்கிறார்.

‘பிதா’ என்பது பெயர் இல்லை, உறவு. ‘குமாரன்’ என்பதும் உறவு. என் பிள்ளைகள் என்னை அப்பா என்கிறார்கள், என் தகப்பனார் மகனே என்கிறார். அதற்காக பேங்க் செக்கில் ‘அப்பா’ என்று கையெழுத்துப் போட்டால் பணம் தருவார்களா? இயேசு “நாமத்திலே” என்று ஒருமையில் சொன்னார். அந்த நாமம் எது என்று பேதுருவுக்குத் தெரிந்தது. அதனால்தான் பெந்தெகொஸ்தே நாளில் “ஒவ்வொருவரும் பாவமன்னிப்புக்கென்று இயேசு கிறிஸ்துவின் நாமத்திலே ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள்” என்றார். சமாரியாவில் (அப். 8:16), கொர்நேலியு வீட்டில் (10:48), எபேசுவில் (19:5), எங்கேயாவது ஒரு அப்போஸ்தலன் பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று சொல்லிக் கொடுத்ததாக ஒரு வசனம் காட்டுங்கள். கிடையாது. மத்தேயுவில் உள்ளது 325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூடிய சங்கத்துக்குப் பிறகு ரோமாபுரிச் சபை சேர்த்தது.

பதில் 2: பாளையங்கோட்டை வாத்தியார்

அம்மா, நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். ஞாயிறு ஆராதனையில் வேத பாடம் வாசிக்கிறவன், அவ்வளவுதான். இறையியல் பட்டம் எதுவும் இல்லை.

தம்பி ‘நாமம் ஒன்றே’ சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளில் அவர் காட்டிய நான்கு இடங்களும் அப்படித்தான் இருக்கின்றன. இதை மறைத்துப் பேசுகிற நம் ஆட்கள்தான் பிள்ளைகளைக் குழப்புகிறார்கள். ஆனால் அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஓரிடத்தில் “இயேசு கிறிஸ்துவின் நாமத்திலே”, இரண்டு இடத்தில் “கர்த்தராகிய இயேசுவின் நாமத்தினாலே”, இன்னோரிடத்தில் வெறுமே “கர்த்தருடைய நாமத்தினாலே”. ஓர் எழுத்து பிசகினாலும் செல்லாது என்கிற சூத்திரம் அது என்றால், லூக்கா ஒரே மாதிரி எழுதியிருக்க மாட்டாரா? யோவான் ஸ்நானனின் ஞானஸ்நானம் இல்லை, இயேசுவுக்குள் எடுக்கிற ஞானஸ்நானம் என்று அடையாளம் சொல்கிறார். தண்ணீரில் நின்று வாயால் என்ன சொன்னார்கள் என்பதை அவர் எழுதவே இல்லை.

எபேசுப் பகுதியை முழுவதுமாகப் படிக்கச் சொல்லுங்கள். “பரிசுத்த ஆவி உண்டென்பதை நாங்கள் கேள்விப்படவே இல்லை” என்கிறார்கள் அந்தச் சீஷர்கள். உடனே பவுல் கேட்கிற கேள்வி, “அப்படியானால் நீங்கள் எந்த ஞானஸ்நானம் பெற்றீர்கள்?” ஞானஸ்நானத்தில் ஆவியானவரின் பெயரே வராது என்றால் பவுலுக்கு இந்தச் சந்தேகம் ஏன் வர வேண்டும்? இதை முடிவான ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் யோசிக்க வேண்டிய இடம்.

அடுத்து அந்த 325 கதை. இது தவறு. மத்தேயுவின் கடைசிப் பகுதி மிஞ்சியிருக்கிற கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றிலும் அந்த வசனம் முழுசாக இருக்கிறது. அந்தக் காலத்துச் சபை வரலாற்றாசிரியர், செசரியா ஊர் யூசேபியஸ், சில இடங்களில் “என் நாமத்தில்” என்று சுருக்கி மேற்கோள் காட்டினார், அதை வைத்து ஒரு நூற்றாண்டுக்கு முன் சிலர் கட்டிய வாதம் இது. அதே யூசேபியஸ் வேறு இடத்தில் முழு வசனத்தையும் எழுதியிருக்கிறார். நிசேயாவுக்கு ஏறக்குறைய 175 வருஷம் முன்னால் ரோமில் இருந்த ஜஸ்டின் என்கிற கிறிஸ்தவ ஆசிரியர், பிதா, இயேசு கிறிஸ்து, பரிசுத்த ஆவி மூவரையும் சொல்லித் தண்ணீரில் கழுவுகிறோம் என்று ராயனுக்கே (ரோமப் பேரரசனுக்கே) எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ‘திதகே’ என்கிற, ஆதிச் சபையின் சின்ன ஒழுங்குப் புத்தகம். முதல் நூற்றாண்டின் கடைசி, அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பார்கள். ஏழாம் அதிகாரத்தில் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஓடுகிற தண்ணீரில் கொடு, ஓடுகிற தண்ணீர் இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், இரண்டும் இல்லையென்றால் தலையில் மூன்று தரம் ஊற்று என்று வரும். (தெளிப்பா முழுக்கா என்று சண்டை போடுகிறவர்களும் இதைப் படிக்கலாம்.) இரண்டு அதிகாரம் தள்ளி, “கர்த்தருடைய நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்” மட்டுமே நற்கருணைப் பந்தியில் உண்ண வேண்டும் என்று அதே புத்தகம் சொல்கிறது. ஆக, அந்தக் காலத்து விசுவாசிக்கு இரண்டு பேச்சும் ஒரே காரியத்தைத்தான் குறித்தன.

பிறகு எப்போது இது சண்டையானது? 1913-இல். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் அரோயோ செகோ என்ற இடத்தில் பெந்தெகொஸ்தேக்காரர்களின் பெரிய முகாம் கூட்டம். மெக்கலிஸ்டர் என்கிற கனடா தேசத்துப் போதகர், அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில்தான் கொடுத்தார்கள் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். அது சிலருக்குள் வேலை செய்கிறது. அடுத்த வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி ஃபிராங்க் யூவார்ட்டும் கிளென் குக்கும் ஒருவருக்கொருவர் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்கிறார்கள். விஷயம் வார்த்தையோடு நிற்கவில்லை. ஒரே நாமம் என்றால் ஒரே ஆள்தானே, அந்த இயேசுவே பிதா, அவரே பரிசுத்த ஆவி என்று போனார்கள். 1916-இல் செயின்ட் லூயிசில் அசெம்ப்ளி ஆஃப் காட் பொதுச்சங்கம் கூடித் திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதை) எழுத்தில் உறுதிப்படுத்தியது. ஏற்காத ஊழியர்கள் 150 பேருக்கு மேல் வெளியேறினார்கள். இன்றைக்கு ‘இயேசுவின் நாமத்தில் மட்டும்’ என்கிற சபைகள் பெரும்பாலும் அந்தப் பிரிவின் கிளைகள், அல்லது அதன் போதனையை எடுத்துக்கொண்டவை.

அதனால் உங்கள் மகனிடம் வசனத்துக்கு வசனம் மல்லுக்கட்ட வேண்டாம் அம்மா. ஒன்றே ஒன்று கேளுங்கள். யோர்தானில் குமாரன் தண்ணீரில் நின்றார், பிதாவின் சத்தம் வானத்திலிருந்து வந்தது, ஆவியானவர் புறாவைப்போல் இறங்கினார். அங்கே இருந்தது ஒருவரா, மூவரா? அந்தச் சபை இதற்கு என்ன பதில் சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டானா? சித்திரையில் அவன் தண்ணீரில் இறங்கினால் அந்தப் பதிலுக்கும் சேர்த்துத்தான் ஆமென் சொல்கிறான். தெரிந்து சொன்னால் அது அவன் விசுவாசம், 26 வயசுப் பிள்ளையை நாம் கட்டிப்போட முடியாது. வெறும் வார்த்தை மாற்றம் என்று நினைத்துக்கொண்டு இறங்கக் கூடாது.

பதில் 3: திண்டுக்கல்காரன்

நான் ஆர்.சி. வார்த்தை விஷயத்தில் எங்கள் சபையும் கறார்தான். அமெரிக்காவில் ஒரு தியாக்கோன் (குருவுக்கு அடுத்த நிலை ஊழியர்) “நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்பதற்குப் பதில் “நாங்கள்” என்று சொல்லி வந்தார். 2020-இல் வத்திக்கான் அது செல்லாது என்றது. டெட்ராய்ட் மறைமாவட்டத்தில் ஓர் இளம் குரு தன் குழந்தைப்பருவத் திருமுழுக்கு வீடியோவைப் பார்த்திருந்தார், அதில் “நாங்கள்” என்றிருந்தது. திருமுழுக்கு இல்லையென்றால் உறுதிப்பூசுதலும் (நீங்கள் சொல்லும் திடப்படுத்தல்) இல்லை, குருப்பட்டமும் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற்றார். ஃபீனிக்ஸில் இன்னொரு குரு 1995 முதல் 2021 வரை அப்படியே சொல்லியிருக்கிறார், ஆயிரக்கணக்கான பேருக்குச் சிக்கல்.

பவுலின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றீர்களா என்று பவுலே கொரிந்தியரிடம் கேட்டது போல, கொடுப்பவர் கிறிஸ்துதானே தவிர, கூடியிருக்கிற ‘நாங்கள்’ கிடையாது என்பது காரணம். சி.எஸ்.ஐ. கோவிலில் தண்ணீரோடும் மூவொரு கடவுள் பெயரோடும் கொடுத்ததை நாங்கள் மறுபடி கொடுப்பதில்லை. வாத்தியார் சொல்வது போல வார்த்தை ஏதோ இரண்டாம்பட்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாளையங்கோட்டை வாத்தியார்

இரண்டாம்பட்சம் என்று சொல்லவில்லை தம்பி. உங்கள் போப்பாண்டவர் ஒருவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 746-இல் பவேரியாவில் லத்தீன் தெரியாத ஒரு குரு, “பாத்ரிஸ் எத் ஃபிலீ” (பிதா, குமாரன்) என்பதை “பாத்ரியா எத் ஃபிலியா” என்று உளறிக் கொடுத்துவந்தார். அர்த்தம் ‘தாயகம், மகள்’ என்று போய்விட்டது! மறுபடி கொடுங்கள் என்றார் அங்கே ஊழியம் செய்த பேராயர் போனிஃபாஸ். வேண்டாம் என்று எழுதினார் போப் சகரியா. வேறு உபதேசம் புகுத்தவில்லை, மொழி தெரியாமல் தடுக்கினார், அவ்வளவுதான் என்று அவர் பிரித்துப் பார்த்தார்.

திண்டுக்கல்காரன்

அதேதான் நானும் சொல்வது. தடுக்கினதை மன்னித்தார்கள். தெரிந்தே மாற்றியதை மன்னிக்கவில்லை. சரி, இதில் நாம் இருவரும் ஒரே பக்கம்.

தேரிக்காட்டுத் தாய்

எல்லாருக்கும் நன்றி. எனக்கு ஒரு யோசனை. சிரிக்காதீர்கள். ‘பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே, இயேசு கிறிஸ்துவின் நாமத்திலே’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கச் சொன்னால் என்ன? அவன் அப்பாவும் கொஞ்சம் சமாதானம் ஆவார்.

நாமம் ஒன்றே

சகோதரி, அப்படிக் கொடுக்கிற பாஸ்டர்மார் உண்டு. எங்கள் சபையில் ஏற்பதில்லை. வாத்தியார் ஐயா சொன்ன வரலாற்றில் 1913 விஷயம் உண்மை. அதை நாங்கள் பிரிவு என்று சொல்வதில்லை, மறைந்திருந்த சத்தியம் திரும்பி வந்தது என்கிறோம். திதகே புத்தகத்தின் முழு கிரேக்கப் பிரதி 1056-ஆம் வருஷத்தது, அதில் யார் கை வைத்தார்களோ? யோர்தான் கேள்விக்கும் எங்களிடம் பதில் இருக்கிறது: தேவன் எங்கும் இருக்கிறவர், ஒரே நேரத்தில் மூன்று விதமாக வெளிப்பட அவருக்கு முடியாதா? தம்பி விரும்பினால் தனிச்செய்தியில் பேசட்டும்.

பாளையங்கோட்டை வாத்தியார்

1056 என்று எடுத்துக் காட்டினது நல்ல கேள்வி. அதனால்தான் ஜஸ்டினையும் சேர்த்துச் சொன்னேன்.

அம்மா, இரண்டையும் சேர்ப்பது பற்றி. சி.எஸ்.ஐ. மறு ஞானஸ்நானத்தையே ஏற்பதில்லை. உலக சபைகள் 1982-இல் பெரு நாட்டு லீமாவில் உடன்பட்டு எழுதிய அறிக்கையும் ஞானஸ்நானம் திரும்பச் செய்ய முடியாத ஒன்று என்கிறது. ஆகவே எந்த வார்த்தை போட்டாலும் அவன் அப்பாவுக்கு நான்காம் மாதத்தில் நடந்தது இல்லாமல் போகிறதே என்கிற மனக்கஷ்டம் மாறாது. அந்தப் பாஸ்டருக்கும் அரை மனது. இருவரையும் திருப்திப்படுத்தப் பார்த்து இருவரிடமும் பேச்சு வாங்குவான். ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது: நாளைக்கு நம் கோவிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்றால் சேகரத்துக் குருவானவர் இதைக் கேட்பார். இப்போதே போய் ஒரு வார்த்தை பேசி வைத்துவிடுங்கள்.

தேரிக்காட்டுத் தாய்

நேற்று ராத்திரி போன் பண்ணினான். எல்லாவற்றையும் படித்திருக்கிறான். யோர்தான் கேள்வியைப் புதன்கிழமை வேதபாடத்தில் கேட்டானாம், பாஸ்டர் கோபப்படாமல் ஒரு மணி நேரம் விளக்கினாராம். ‘நாமம் ஒன்றே’ சகோதரர் சொன்ன பதில்தான். “திரித்துவத்தை நம்புகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை அம்மா, அது தெரியாமல் தண்ணீரில் இறங்க மாட்டேன்” என்கிறான். சித்திரையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை மேல்மாடிக்குப் போவதை மட்டும் நிறுத்த மாட்டானாம்.

அவன் அப்பாவுக்கு இந்தப் பதிலும் பிடிக்கவில்லை. திடப்படுத்தல் வகுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்து என்ன படித்தான் என்று என்னிடம் கேட்கிறார்.