மறு: கேப்பிலரி ஆக்‌ஷனுக்குத் தமிழ்: ‘புழையூர்வு’ என்று வைத்துப் பார்ப்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நுண்ணிய துளையிலோ இடுக்கிலோ தண்ணீர் தானாகப் பற்றிக்கொண்டு போவதுதான் கேப்பிலரி ஆக்‌ஷன். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று பேசும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை நேற்று இரவு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன். தந்துகிக் கவர்ச்சி, மயிர்த்துளைத்தன்மை, நுண்புழையேற்றம், நுண்புழை நுழைவு, கடைசியாக ஓதமேற்றம். எதையும் எடுத்த எடுப்பில் தள்ள மனமில்லை. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதற்கான சோதனையைச் செய்யும்போது இவற்றில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சோதனை எளியது. கண்ணாடிக் கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளில் ஒரே அளவாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளிம்புகளைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் கையை வெட்டிவிடும். இரண்டையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு பக்க விளிம்பில் மட்டும் இடையில் ஒரு தீக்குச்சியைச் செருகி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒரு பக்கம் ஒட்டியிருக்கும், மறுபக்கம் தீக்குச்சி அளவு திறந்திருக்கும். இதை நிமிர்த்தி, மை கலந்த தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள்.

திறந்த பக்கம் தண்ணீர் ஒரு செ.மீ.கூட ஏறாது. அங்கிருந்து ஒட்டிய பக்கம் போகப் போக, நீலக்கோடு மெல்ல வளைந்து, கடைசியில் செங்குத்தாக மேலே ஓடும். இடைவெளி குறையக் குறைய உயரம் கூடும் என்ற விதி கண்ணாடியில் தானே வரைந்துகொள்கிறது. கணக்கில் இந்த வளைவுக்கு அதிபரவளையம் (ஹைபர்போலா) என்று பெயர். 1712-இல் இங்கிலாந்தில் அறிவியலாளர்கள் புரூக் டெய்லரும் ஃபிரான்சிஸ் ஹாக்ஸ்பீயும் பார்த்த அதே வளைவு. குழாய்க்கான விதியை ஜேம்ஸ் ஜூரின் 1718-இல் சொன்னார்: 1 மி.மீ. விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் சுமார் 3 செ.மீ. ஏறும், விட்டம் பாதியானால் 6 செ.மீ.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இரண்டு தகட்டுக்கு நடுவே ‘மயிர்த்துளை’ எங்கே இருக்கிறது? இலங்கைப் பாடநூல்களில் பல காலமாக நிலைத்த சொல் அது, இலத்தீன் மூலத்தில் முடி என்ற பொருள் இருப்பதையும் அப்படியே காட்டுகிறது. அதைப் படித்து வளர்ந்து, இந்த இழையில் அதற்காகப் பேசிய யாழ்ப்பாணத்து நண்பரின் பற்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது துளையின் பெயர், தண்ணீர் செய்யும் வேலையின் பெயர் அல்ல. தந்துகியோடும் அதே சிக்கல்தான். போதாததற்கு அதைக் கேட்டதும் பிள்ளைக்கு இரத்தக் குழாய் நினைவுக்கு வருகிறது.

துளையின் பெயர் ஏன் போதாது என்பதை நான் வகுப்பில் தவறு செய்துதான் கற்றேன். கண்ணாடி நுண்குழாய் கிடைக்காத ஒரு வாரம், மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபில்களைக் கழுவிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். துளை சின்னதுதானே, ஏறிவிடும் என்று நினைத்தேன். ஒன்றிலும் ஏறவில்லை. உற்றுப் பார்த்தால், குழாய்க்குள் நீர்மட்டம் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் கீழேதான் இருந்தது. ஒரு சிறுமி, “சார், இதுக்குத் தண்ணி பிடிக்கலை” என்றாள். அவள் சொன்னது சரி. அந்தப் பிளாஸ்டிக்கைத் தண்ணீர் நனைக்காது. கண்ணாடியைத் தண்ணீர் பற்றிக்கொள்கிறது, பற்றிய நீர் பின்னால் இருக்கும் நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. துளை எவ்வளவு சின்னது என்பது எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லும். ஏறுமா ஏறாதா என்பதைச் சுவர்தான் சொல்லும்.

ஆகவே ‘நுழைவு’ பொருந்தாது. நுழைவது வேறு, பற்றிக்கொண்டு போவது வேறு. ‘ஏற்றம்’ பாதி உண்மை. இரண்டு டம்ளருக்கு நடுவே பாலம் போலப் போட்ட துணித்திரியில் தண்ணீர் ஏறி, வளைந்து, மறுபக்கம் இறங்குகிறது. தரையில் கிடத்திய ஒற்றுத்தாளில் மைச்சொட்டு நாலா பக்கமும் பரவுகிறது. இதையெல்லாம் ஏற்றம் என்றால் பிள்ளை கேள்வி கேட்பான், கேட்கத்தான் வேண்டும்.

ஓதமேற்றம் என்ற பரிந்துரையைப் படித்ததும் மனசு நிறைந்தது. ‘சுவரில் ஓதம் ஏறுது’ என்று வீட்டில் சொல்வது இதே நிகழ்வைத்தான், செங்கலின் நுண்துளைகள் வழியாக நிலத்து ஈரம் மேலே வருகிறது. ஆனால் புவியியல் பாடத்தில் ஓதம் என்றால் கடல்நீர் ஏறி வடிவது. ஒரே பள்ளியில் ஒரே ஆண்டில் இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வருத்தத்தோடு விடுகிறேன்.

நான் முன்வைக்கும் சொல் புழையூர்வு. புழை என்றால் துளை, நம் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஊர்தல் என்பது எறும்பும் நத்தையும் செய்வது. ஊர்கிற எதற்கும் பற்றிக்கொள்ள ஒரு பரப்பு வேண்டும், அந்தரத்தில் எதுவும் ஊராது. ரீஃபிலில் தண்ணீர் ஏன் ஏறவில்லை என்பதற்கான விடை இந்த வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மேலே, கீழே, பக்கவாட்டில் எப்படியும் ஊரலாம். ‘சவ்வூடு பரவல்’ (ஆஸ்மோசிஸ்) பிள்ளைகள் வாயில் அழகாக நிற்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், எதன் வழியாக, எப்படி என்று இரண்டையும் அது சொல்லிவிடுகிறது.

ஒரு தடை உண்டு. ஊர்தலும் ஊறுதலும் பேச்சில் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும், சொல்வதெழுதலில் பாதிப் பேர் ‘புழையூறு’ என்று எழுதக்கூடும். தாளில் ‘மை ஊறுது’ என்றே நாம் சொல்வதால் ஊறலையே வைத்துக்கொள்ளலாமே என்று யாரும் கேட்கலாம். வைத்தால், அரிசி ஊறுவது, கிணறு ஊறுவது, ஊறுகாய் ஊறுவது எல்லாம் அதற்குள் வந்துவிடும். விதை நீரை இழுத்து உப்புவதற்கு ‘உள்ளீர்த்தல்’ தனியாக இருக்கிறது, அதோடும் குழம்பும். ர, ற வேறுபாட்டைப் பலகையில் ஒரு நத்தை வரைந்து சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பிற சொற்கள் இதிலிருந்து கிளைக்கின்றனவா என்றும் பார்த்தேன். ஊர்வுயரம், ஊர்வுவிசை, ஊர்திரி எல்லாம் வாயில் உருள்கின்றன. கண்ணாடிக் குழாயில் பாதரசம் தாழ்வதற்கு மட்டும் ‘புழைத்தாழ்வு’ என்று தனியே வைக்க வேண்டும், அது பற்றுவதில்லை, விலகுகிறது. பாதரசத்தை வகுப்பில் எடுக்கவே வேண்டாம், ரீஃபிலே போதும்.

அப்புறம் ஒன்று. எந்தச் சொல்லை எடுத்தாலும், ‘தென்னை உச்சிக்குத் தண்ணீர் போவது இதனால்தான்’ என்ற விளக்கத்தை அதோடு சேர்க்காதீர்கள். மரத்தின் நீர்க்குழாய் 0.05 மி.மீ. விட்டம் என்று வைத்தால்கூட ஜூரின் கணக்குப்படி சுமார் 60 செ.மீ.தான் வரும். வகுப்பு மேசை உயரம்கூட இல்லை. அதற்கு மேலே தூக்குவது இலையின் நீராவிப்போக்கு இழுக்கும் இழுப்பும், அறுந்துவிடாமல் நீரை நீரே பிடித்துக்கொள்ளும் பிணைப்பும். காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மையில் வைத்துக் காட்டும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் ‘பி’ பிரிவுக்கு இதே கண்ணாடிச் சோதனை. எந்தச் சொல்லையும் முதலில் சொல்லப்போவதில்லை. பார்த்ததை அவர்கள் எந்த வினைச்சொல்லால் எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுகிறேன். ‘ஏறுது’ என்றே எல்லோரும் எழுதினால் நுண்புழையேற்றத்துக்கு என் வாக்கை மாற்றிக்கொள்வேன்.