இறக்கத்தில் இஞ்சினை அணைத்தால் பெட்ரோல் மிச்சமா? யாரும் இதை நம்பி மலை இறங்க வேண்டாம்

குன்னூர் மலர் | 6 ஏப்ரல் 2022, இரவு 9.10

பெட்ரோல் செலவைக் குறைக்கும் வழிகள் என்று சேலம் ராசு நேற்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதில் மூன்றாவது வரி இது: "மலை இறங்கும்போது வண்டியை அணைத்து நியூட்ரலில் விட்டுவிடுங்கள், ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகாது." அதற்குக் கீழே வரிசையாக நன்றி சொல்லியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

விலை எனக்கும் வலிக்கிறது. மார்ச் 22 முதல் இன்று வரை 16 நாளில் 14 முறை ஏற்றிவிட்டார்கள். சென்னையில் 101.40 ரூபாயாக இருந்த லிட்டர் இன்று 110.85. எங்கள் மலையில் அதற்கும் மேல். தினமும் காலையில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்கு இறங்கி, மாலையில் ஏறுகிறவள் நான். பழைய 2015 பெட்ரோல் கார். இந்தப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு மனப்பாடம்.

இப்போது ஓடும் கார்கள் அனேகமாக எல்லாமே, இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கணினி அளந்து ஊற்றும் இஞ்ஜெக்‌ஷன் வண்டிகள். கியரில் வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், சக்கரமே இஞ்சினைச் சுழற்றும். அப்போது உள்ளே இருக்கும் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது. என் காரில் மைலேஜ் காட்டும் சின்னத் திரை உண்டு. காட்டேரி தாண்டியதும் மூன்றாவது கியரில் காலை எடுத்தால் எண் 99.9-க்கு ஏறி அங்கேயே நிற்கும். நியூட்ரலுக்குத் தள்ளினால் மளமளவென்று இறங்கும். நான் கண்ணால் பார்ப்பது இது.

சரி, இஞ்சினையே அணைத்துவிட்டால்? பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் கனத்துப் போகும். சாவியைத் தவறிப்போய் ஒரு சுற்று அதிகம் திருப்பினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். பள்ளத்தாக்கு பக்கத்தில்தான் இருக்கிறது.

போன மாதம் கல்லாறு அருகே ஒரு சுற்றுலாக் கார் ஓரமாக நின்றிருந்தது. முன் சக்கரத்திலிருந்து புகை. அந்த மனிதர் குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினார், தோசைக்கல்லில் ஊற்றியது போல் சீறியது. பின்னால் இரண்டு குழந்தைகள். பர்லியாறிலிருந்து நியூட்ரலில்தான் வந்தாராம். "பெட்ரோல் மிச்சமாகும் என்று சொன்னார்கள்" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். இணையத்தில் படித்ததாகச் சொன்னார்.

ராசு, அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

சேலம் ராசு | இரவு 9.48

அம்மணி, 2009-இல் வாங்கிய ஸ்பிளெண்டர். 13 வருடம் ஆகிறது, கை மாறவில்லை. ஏற்காடு மலையின் 20 வளைவும் எனக்குத் தெரியும். குரங்குச்சாவடியிலிருந்து ஐந்து ரோடு பாலம் ஏறினால் இறக்கம் தொடங்கும் இடத்தில் அணைத்துவிடுவேன், வண்டி தானாக உருண்டு சிக்னல் வரை போய் நிற்கும். இப்படி ஓட்டத் தொடங்கிய பிறகு லிட்டருக்கு 58 கொடுத்த வண்டி 66 கொடுக்கிறது. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஓடாத இஞ்சின் பெட்ரோல் குடிக்குமா?

பட்டறைக்காரன் | இரவு 10.02

இரண்டு பேரும் வேறு வேறு வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2009 ஸ்பிளெண்டர் கார்புரேட்டர் வண்டி. அதில் பெட்ரோலை நிறுத்தும் கணினி கிடையாது. கியரில் இறங்கினாலும் உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். மலர் சொல்வது இஞ்ஜெக்‌ஷன் வண்டிக்குப் பொருந்தும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது பைக்குகளும் பெரும்பாலும் அப்படித்தான். எந்த வண்டி என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசுங்கள்.

குன்னூர் மலர் | இரவு 10.15

ராசு, அது பாலம். நான் பேசுவது மலை. பாலத்தில் அரை நிமிடம் உருட்டிவிட்டு வந்து மலை இறங்கப் பாடம் எடுக்காதீர்கள். மூன்றாவது வரியில் நீங்கள் "மலை இறங்கும்போது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

58, 66 என்கிறீர்களே, எப்படி அளந்தீர்கள்? டேங்கை வாய் வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் நிரப்பிப் பார்த்தீர்களா? அல்லது டேங்கில் பெட்ரோல் குறைந்து ரிசர்வ் விழுந்ததிலிருந்து அடுத்த ரிசர்வ் வரையா?

சேலம் ராசு | இரவு 10.21

ஏற்காடு பாலமா? ஏற்காடு மலை இல்லையா? நான் அங்கேயும் அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். ஓடாத இஞ்சின் பெட்ரோல் குடிக்குமா? இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, இவ்வளவு நீளம் எழுதுகிறீர்கள். திரையில் எண் ஏறியது, இறங்கியது என்கிறீர்கள். திரை சொல்வதை நம்புவீர்கள், 13 வருடம் ஓட்டியவனை நம்ப மாட்டீர்கள். வண்டி விஷயம், வீட்டில் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

குன்னூர் மலர் | இரவு 10.40

வீட்டில் வண்டி விவரம் தெரிந்தவள் நான்தான். 11 வருடமாக ஓட்டுகிறேன். பஞ்சர் ஆனால் ஜாக்கி வைத்து நானே சக்கரம் மாற்றுகிறேன். மழைக்காலத்தில் மண் சரிந்து கிடந்த சாலையில் பின்பக்கமாகவே அரைக் கிலோமீட்டர் ஏறியிருக்கிறேன். போன நவம்பரில் டயர் காற்று பற்றி எழுதியபோதும் இதையே சொன்னீர்கள், "வீட்டில் கேளுங்கள்" என்று. அதை நான் மறக்கவில்லை.

ஒரு வார்த்தையில் பதில் வேண்டுமா? ஓடாத இஞ்சின் பெட்ரோல் குடிக்காது. கியரில் இறங்கும் இஞ்சினும் குடிக்காது. இரண்டும் பூஜ்யம்தான். ஒரு பூஜ்யத்தில் பிரேக் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. நியூட்ரலில் ஓடவிட்டு இறங்கினாலோ, சின்னக் கார் நின்ற இடத்தில் ஓடவே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் கேட்கும். எனக்கு இறங்க ஒரு மணி நேரம். தினமும் ஐம்பது, அறுபது ரூபாயைக் கொட்டிவிட்டு, பிரேக் கட்டையையும் தேய்த்துவிட்டு, மிச்சம் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமா?

ரிசர்வ் கணக்கா, டேங்க் நிரப்பும் கணக்கா? பதில் வரவில்லை.

வரிக்கணக்கு கோபி | 7 ஏப்ரல், காலை 6.55

கியரைப் பற்றி அடித்துக்கொள்கிறீர்கள். கொள்ளை போவது பங்க்கில். லிட்டருக்கு 27.90 ரூபாய் மத்திய கலால் வரி. அதில் மாநிலங்களோடு பகிர்வது 1.40 ரூபாய் அடிப்படை வரியை மட்டும். மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி. நவம்பர் 4 முதல் மார்ச் 21 வரை, ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை, ஒரு பைசா ஏறவில்லை. தேர்தல் முடிந்ததும் நாளுக்கு எண்பது காசு. அதைக் கேட்க ஆள் இல்லை.

நாமக்கல் லாரி | காலை 7.20

மாநிலத்தை விட்டுவிட்டீர்களே கோபி. தி.மு.க. தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்றார்கள். ஆகஸ்டில் குறைத்தது பெட்ரோலுக்கு 3 ரூபாய். டீசலுக்கு ஒன்றும் இல்லை. லாரிக்காரன் டீசலில்தான் சாகிறான்.

வரிக்கணக்கு கோபி | காலை 7.31

3 ரூபாயாவது குறைத்தார்கள். 2020 மே மாதம், கச்சா எண்ணெய் அடிமட்டத்தில் கிடந்தபோது, ஒரே நாளில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏற்றியது யார்? அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது. எப்போதும் அப்படித்தான்.

நாமக்கல் லாரி | காலை 7.35

நவம்பரில் டீசலுக்கு அதே மத்திய அரசு 10 ரூபாய் குறைத்ததைச் சொல்ல உங்களுக்கும் வாய் வரவில்லை.

குன்னூர் மலர் | காலை 7.40

அரசியலுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே ஒரு ஆபத்தான வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ராசு, ரிசர்வ் கணக்கா, டேங்க் கணக்கா?

வியாசர்பாடி ஆட்டோ | மதியம் 1.15

2013 ஆகஸ்டில் அரசு வைத்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. இன்று வரை அதே. ஒன்பதாவது வருடம் நடக்கிறது. மேம்பாலத்தில் அணைத்து உருட்டுவது எனக்கும் பழக்கம்தான், வேறு வழி? ராசு பக்கம் நியாயம் இருக்கிறது.

கோபி பெயரைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது: வரி பற்றி எழுதுகிறவர்கள் ஒருநாள் எங்கள் மீட்டர் பற்றியும் எழுதுங்கள்.

திருவான்மியூர் வாசி | மதியம் 1.30

மீட்டரா? என் வாழ்க்கையில் கடைசியாக ஆட்டோ மீட்டர் ஓடிப் பார்த்தது எப்போது என்று நினைவில்லை. மூன்று கிலோமீட்டருக்கு 150 கேட்கிறீர்கள்.

வியாசர்பாடி ஆட்டோ | மதியம் 1.34

150 கேட்டவன் நான் இல்லை. ஊரில் யாரோ கேட்டதற்கு என்னை நிறுத்திவைத்துக் கேட்காதீர்கள். என் மீட்டர் சீல் உடையாமல் இருக்கிறது.

சேலம் ராசு | மதியம் 2.05

பாருங்கள், நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவரே சொல்லிவிட்டார். அம்மணிக்கு இவ்வளவு சிரமம் என்றால் பஸ்ஸில் போகலாமே. பெண்களுக்கு இலவசம்தானே.

குன்னூர் மலர் | மதியம் 2.30

இலவசம் என்பது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும். குன்னூர் - மேட்டுப்பாளையம் பஸ்ஸில் டிக்கெட் வாங்கித்தான் ஏற வேண்டும். தெரியாமல் பேசாதீர்கள். நான் தனியாகவும் போவதில்லை. மார்ச் கடைசியிலிருந்து பக்கத்துத் தெரு செவிலியர்கள் இருவர் என் காரில்தான் வருகிறார்கள், பெட்ரோலை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம். ஞாயிறுதோறும் டயர் காற்றுப் பார்க்கிறேன். டிக்கியில் கிடந்த பழைய சாமான்களை இறக்கிவிட்டேன். ஏற்றத்தில் முந்துவதை விட்டுவிட்டேன். மிச்சம் பிடிப்பது என்றால் இப்படி. என்னை நம்பி இரண்டு பெண்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது சாவியைத் திருப்பி அணைக்க என் கை வராது.

ஆட்டோ அண்ணா, மேம்பாலம் வேறு, மலை வேறு. எத்தனை தடவை சொல்வது?

பட்டறைக்காரன் | மதியம் 2.44

நான் நேற்றே சொன்னேன், கார்புரேட்டர் வேறு, இஞ்ஜெக்‌ஷன் வேறு.

சேலம் ராசு | மதியம் 3.10

என் பைக்கில் பிரேக்குக்கு வெற்றிடமும் வேண்டாம், ஸ்டியரிங்குக்கு மோட்டாரும் வேண்டாம். கேபிள் பிரேக். இஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிடிக்கும். ஆகவே நீங்கள் சொன்ன ஆபத்து எதுவும் இல்லை. ஓடாத இஞ்சின் குடிக்காது என்று நேற்று இரவு நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அத்தோடு விஷயம் முடிந்தது.

குன்னூர் மலர் | மதியம் 3.22

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டும் பூஜ்யம் என்றேன். பாதியை வெட்டி எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியது "வண்டி". பைக் என்று எழுதவில்லை. படித்தவர்களில் எத்தனை பேரிடம் கார் இருக்கும்? கேபிள் பிரேக் என்றாலும் டிரம் சூடேறாதா? இஞ்சின் இழுத்துப் பிடிக்காத வண்டியை 20 வளைவும் பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டும். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்களே, அது எதற்கு?

யாழ் பயணி | இரவு 8.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே விலையைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை, கிடைத்தால் போதும். பெற்றோல் செட்டில் விடிய நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் வரிசையில் விட்டேன். பதினொரு மணிக்கு எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் இருக்கும்போது முடிந்துவிட்டது என்றார்கள். தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செட்டுகளில் இராணுவம் நிற்கிறது. வரிசையில் நின்ற முதியவர்கள் இறந்துபோயிருக்கிறார்கள். வேலைக்கு இப்போது சைக்கிளில் போகிறேன்.

நாமக்கல் லாரி | இரவு 8.41

உங்கள் நிலைமைக்கு வருந்துகிறோம். அதற்காக இங்கே 110 ரூபாய் மலிவு என்று ஆகிவிடாது.

யாழ் பயணி | இரவு 8.50

மலிவு என்று நான் எழுதவே இல்லை. எழுதியதை மட்டும் வாசியுங்கள்.

சேலம் ராசு | இரவு 9.05

யாழ் அண்ணன் தள்ளிக்கொண்டு போன வண்டி எவ்வளவு பெட்ரோல் குடித்திருக்கும்? ஒரு சொட்டும் இல்லை. நான் சொல்வது இதுதான்.

குன்னூர் மலர் | இரவு 9.12

அவர் பட்ட கஷ்டத்தை எடுத்து உங்கள் வாதத்துக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். அவர் சமதரையில் தள்ளிக்கொண்டு நடந்தார், மலையிலிருந்து உருளவில்லை.

நான்காவது முறையாகக் கேட்கிறேன். அந்த 66 ரிசர்வ் கணக்கா, டேங்க் கணக்கா?

சேலம் ராசு | இரவு 9.20

ரிசர்வ் கணக்குத்தான். அதனால் என்ன? 13 வருடமாக அப்படித்தான் பார்க்கிறேன்.

குன்னூர் மலர் | இரவு 9.33

அதனால்தான். வளைவில் சாய்ந்தால் ஒருநாள் முன்னதாக ரிசர்வ் விழும், சமதரையில் தள்ளிப்போகும். பங்க்கில் 200 ரூபாய்க்கு என்று போட்டிருப்பீர்கள், விலை தினமும் ஏறும் நாளில் அதில் எத்தனை லிட்டர் என்று எழுதி வைத்தீர்களா? 58-க்கும் 66-க்கும் நடுவில் இருக்கும் 8 கிலோமீட்டர் உங்கள் இஞ்சின் தந்ததா, உங்கள் கணக்கு தந்ததா? இந்த எண்ணை நம்பித்தான் அத்தனை பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சனிக்கிழமை குடும்பத்தோடு ஊட்டி வருவதாக அங்கேயே எழுதியிருக்கிறார், பார்த்தீர்களா?

பட்டறைக்காரன் | இரவு 9.40

யாராவது கார்புரேட்டர் பற்றி நான் எழுதியதைப் படித்தீர்களா?

சேலம் ராசு | இரவு 9.46

என் வண்டி, என் பெட்ரோல், என் கணக்கு. அம்மணி வந்து சரிபார்க்கத் தேவையில்லை. ஓடாத இஞ்சின் பெட்ரோல் குடிக்காது. இதை யாரும் மாற்ற முடியாது.

குன்னூர் மலர் | இரவு 9.58

ஊட்டி வருகிறவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டேன், இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று. இன்னும் அவர் பார்க்கவில்லை. நாளை காலை ஆறு மணிக்கு நான் இறங்குகிறேன், மாலையில் வந்து பார்ப்பேன். அதற்குள் மூன்றாவது வரி அங்கே இருக்கக் கூடாது, ராசு.

சேலம் ராசு | இரவு 10.01

இருக்கும்.